நல்ல டாக்டரா இருந்தா நல்ல வாத்தியார் ஆகிட முடியுமா? மருத்துவப் பேராசிரியர்களுக்கும் ‘கிளாஸ்’ எடுப்பது ஏன்?

காலை ரவுண்ட்ஸ். ஒரு கட்டிலைச் சுற்றி பத்துப் பதினைந்து மாணவர்கள். பேராசிரியர் கேள்வி கேட்கிறார். முன்னால் நிற்பவர் பதில் சொல்கிறார். பின்னால் நிற்பவருக்கு நோயாளியின் முகமே தெரியவில்லை. அதற்குள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். எம்.பி.பி.எஸ் படித்த பலருக்கும் இது பழகிய காட்சி.

பள்ளி ஆசிரியர் ஆக பி.எட் போன்ற ஆசிரியர் பயிற்சி வேண்டும். ஆனால் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்க எம்.டி, எம்.எஸ் போன்ற பட்டமும் சீனியர் ரெசிடென்ட் அனுபவமும்தான் அடிப்படை. நோயைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு அதைச் சொல்லித்தரவும் தெரியும் என்பது நீண்டகால நம்பிக்கை. உண்மையில் இரண்டும் வேறு வேறு திறமைகள்.

ரூல்ஸ் என்ன சொல்லுது?

இந்த யோசனை இந்தியாவுக்குப் புதிதல்ல. மருத்துவ ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர, 1970களின் நடுவிலேயே புதுச்சேரி ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. ஆனால் பெரிய மாற்றம் வந்தது 2019-ல். அந்த ஆண்டு சேர்ந்த எம்.பி.பி.எஸ் மாணவர்களில் இருந்து திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் அமலானது. ‘என்ன தெரியும்’ என்பதோடு ‘என்ன செய்யத் தெரியும்’ என்பதும் முக்கியமானது. நோயாளியிடம் பேசும் விதம், மருத்துவ அறம் ஆகியவற்றுக்கும் தனிப் பாடம் வந்தது.

பாடம் மாறினால் போதுமா, எடுப்பவர் மாற வேண்டாமா? உதவிப் பேராசிரியர் ஒருவர் இணைப் பேராசிரியராக உயர, மருத்துவக் கல்வித் தொழில்நுட்பத்தில் அடிப்படைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 விதிமுறைகள் கூறின.

அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க?

முதலில் ‘மைக்ரோ டீச்சிங்’. பேராசிரியரே ஐந்து, பத்து நிமிடம் பாடம் எடுப்பார். சக ஆசிரியர்கள் மாணவர்களாக உட்கார்ந்து, எது புரிந்தது, எங்கே தூக்கம் வந்தது என்று நேரடியாகச் சொல்வார்கள்.

அடுத்து, மாணவரை எப்படி மதிப்பிடுவது என்பது. ஜார்ஜ் மில்லர் 1990-ல் முன்வைத்த பிரமிடில் நான்கு படிகள்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்ட முடியும், நிஜ வேலையில் செய்கிறார். எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படிகளைத்தான் தொடும். ஐ.வி. லைன் போடுவது பற்றி ஒரு பக்கம் எழுதுபவருக்கு, நிஜமான கையில் நரம்பு கிடைக்காமல் போகலாம்.

அதனால்தான் 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவரது குழுவும் அறிமுகப்படுத்திய ‘ஆஸ்கி’ தேர்வு முறை இன்றும் பேசப்படுகிறது. மாணவர் ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய், சில நிமிடங்களில் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். எல்லோருக்கும் ஒரே செக்லிஸ்ட்.

நேரமே இல்லையே, என்ன செய்றது?

ஓ.பி-யில் கூட்டம் அலைமோதும்போது யார் நின்று பாடம் நடத்துவது? இதற்கும் ஒரு வழி உண்டு. 1992-ல் வெளியான ‘ஒரு நிமிட ஆசிரியர்’ முறையில் ஐந்தே படிகள். காய்ச்சலோடு வந்த ஒருவரை மாணவர் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

1. “என்னன்னு நினைக்கிற?” — “டெங்கு, சார்.”
2. “எதை வெச்சு சொல்ற?” — “நாலு நாள் காய்ச்சல், பிளேட்லெட் குறைஞ்சிருக்கு.”
3. ஒரே ஒரு பொது விதி: “டெங்குல காய்ச்சல் இறங்குற நேரம்தான் ஆபத்து. வயித்து வலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு இருக்கான்னு பாரு.”
4. சரியாகச் செய்ததைச் சொல்வது: “எத்தனாவது நாள்னு கேட்டது நல்ல விஷயம்.”
5. தவறைத் திருத்துவது: “பிளேட்லெட்டை மட்டும் பாத்துட்டு வந்துட்ட. பி.பி, பல்ஸ் பாக்கலையே?”

பேராசிரியர் நேரடியாக விடையைச் சொல்லியிருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் மாணவர் பி.பி பார்க்க மறந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த முறை, இரவு டியூட்டியில் தனியாக இருக்கும்போதும் மறந்திருப்பார்.

சிக்கல் எங்கே?

அடிப்படைப் பயிற்சி சில நாட்களில் முடிந்துவிடுகிறது. ஆனால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. நோயாளிகள், தேர்வு, ஆய்வு, நிர்வாக வேலை எல்லாம் ஒரே ஆசிரியர் தலையில் விழும்போது பயிற்சி வெறும் புரமோஷன் சான்றிதழாகச் சுருங்கும் ஆபத்து இருக்கிறது. பயிற்சி முடித்தவரின் வகுப்பில் சில மாதம் கழித்து ஒரு சீனியர் உட்கார்ந்து பார்ப்பது, மாணவர்களிடம் கருத்துக் கேட்பது போன்ற தொடர் நடவடிக்கைகள் இல்லாவிட்டால் பழைய முறைக்கே திரும்புவது எளிது.

தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் மட்டும் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கட்டடமும் சீட்டும் கூடும் வேகத்தில், கற்பிக்கத் தெரிந்தவர்களும் கூட வேண்டும். ஒரு ஆசிரியர் சரியாகச் சொல்லித்தராத விஷயத்தின் விலையை, பல வருடம் கழித்து ஏதோ ஒரு ஊரில் ஒரு நோயாளி கொடுக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் மருத்துவ மாணவரா? பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த கேஸ் பிரசன்டேஷன் முடிந்ததும் கேட்டுப் பாருங்கள்: “சார், இதுல நான் எதை மாத்திக்கணும்?”