‘மணப்பாடு’ எத்தனை பைட்?

கம்ப்யூட்டருக்கு ‘அ’வும் தெரியாது, ‘ஏ’யும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது 0, 1 இரண்டே இரண்டுதான். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஒரு பைட்டில் 256 எண்கள் அடங்கும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று மனுஷங்க பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தத்துக்குப் பெயர்தான் குறியாக்கம். ஆஸ்கி என்ற அமெரிக்க ஒப்பந்தம் 1963-ல் வந்தது. அதில் உள்ள 128 இடங்களும் ஆங்கில எழுத்து, எண், குறிகளுக்கே சரியாகப் போய்விட்டன.

மீதி 128. நம் எழுத்தோ 247! என்ன செய்வது? ‘கொ’வை அப்படியே வைக்காமல் கொம்பு, ‘க’, கால் என்று மூன்று துண்டாக்கி, கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே வைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு ஃபாண்ட் செய்தவரும் தன் இஷ்டத்துக்கு எண் கொடுத்தார். ஒரு டி.டி.பி. சென்டரில் அடித்த கல்யாணப் பத்திரிகையை அந்த ஃபாண்ட் இல்லாத சென்டரில் திறந்தால் ஒரு எழுத்தும் விளங்காது. பைட் கெட்டுப்போகவில்லை, ஒப்பந்தம்தான் வேறு. வெளிநாட்டுத் தமிழர்கள் திஸ்கி என்று ஒன்றை வைத்திருந்தார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டை அறிவித்தது.

இந்தத் தகராறைத் தீர்த்தது யூனிகோடு. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம். ‘ம’ 2990. யு.டி.எஃப்.-8 முறையில் அது 224, 174, 174 என்று மூன்று பைட்டாகிறது. ‘மணப்பாடு’ நமக்கு ஐந்தெழுத்து. கம்ப்யூட்டருக்கு ம, ண, ப, புள்ளி, ப, கால், ட, உகரக்குறி என்று எட்டு. ஆக 24 பைட்.

மெய்யெழுத்தை ‘அகரமேறிய எழுத்து + புள்ளி’ என்று வைத்தது நம் இலக்கணத்துக்கு ஒவ்வாது என்பவர்கள் உண்டு. அரசு 2010-ல் யூனிகோடோடு டேஸ்-16 என்ற முறையையும் ஏற்றது அதனால்தான். வருத்தம் நியாயமானது. ஆனாலும் உலகம் பூராவும் படிக்கிற எண்ணை விட்டுவிட முடியாது என்பது என் கட்சி.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டுந்தானா? எங்க ஊர் மணப்பாட்டுக்கு வாங்க. எங்க அப்பாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. கையில் பட்டன் போன். புயல் எச்சரிக்கை எஸ்.எம்.எஸ்.ஸாக வந்தால்தான் உண்டு. ஒரு எஸ்.எம்.எஸ். 140 பைட். இங்கிலீஷ் எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து பிடிக்கும். வழக்கமான முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 16 பிட் வேண்டும், அதனால் 70-தான். நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்தியும் 70-க்கு இறங்கிவிடும். அதைத் தாண்டினால் இரண்டாக உடையும். ஒட்டுப்போடவே துண்டுக்கு மூன்று இடம் போய் 67 ஆகும். சிக்னல் விட்டு விட்டு வருகிற இடத்தில் ஒரு துண்டு வந்து மறு துண்டு வராமலும் போகலாம்.

எண்ணிப் பாருங்கள். ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்பது இடைவெளியோடு 35. பாதிச் செய்தி அதிலேயே தீர்ந்தது. ‘கடலுக்குப் போகாதீங்க’ என்றால் 20. மிச்சம் 50. ஊர்ப்பெயருக்கு 8 போனாலும் தேதிக்கும் காற்று வேகத்துக்கும் தாராளமாக இடம் இருக்கு.