விகிதம் சரி; நேரம் போதுமா?

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். 40 குழந்தைகள் படிக்கும் ஓர் ஈராசிரியர் பள்ளியை எடுத்துக்கொள்வோம். மாணவர் ஆசிரியர் விகிதம் 20:1. பதிவேட்டில் குறையேதும் தெரியாது. ஆனால், அங்கே ஐந்து வகுப்புகள் இருக்கின்றன.

தொடக்க நிலைக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், 800 கற்பித்தல் மணி நேரம் என்கிறது அதே சட்டம். இரண்டு ஆசிரியர்களின் 1,600 மணி நேரத்தை ஐந்து வகுப்புகளுக்கும் தனித்தனியே பங்கிட்டால், ஒரு வகுப்புக்குக் கிடைப்பது 320 மணி நேரம் மட்டுமே. ஒருவர் விடுப்பிலோ பயிற்சியிலோ இருக்கும் நாளில் அதுவும் பாதியாகிவிடும். மீதி நேரத்தில் குழந்தை பள்ளியில்தான் இருக்கிறது. கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறது அல்லது காத்திருக்கிறது. இன்னும் தானாகப் படிக்கத் தெரியாத முதல் வகுப்புக் குழந்தைக்கே இதில் இழப்பு அதிகம்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய 'ஸ்டார்' ஆய்வு, 79 பள்ளிகளில் மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை நடந்தது. 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளின் குழந்தைகள், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளின் குழந்தைகளைவிட வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேறினர். ஏழைக் குழந்தைகள் அதிகம் பயன்பெற்றனர். பெரிய வகுப்புகளில் ஆசிரியருடன் உதவியாளர் ஒருவரைச் சேர்த்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

தமிழ்நாட்டு அங்கன்வாடி மையங்களில் நடந்த ஆய்வு ஒன்றில், கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளர் முன்பருவக் கல்விக்கென நியமிக்கப்பட்டார். கற்பித்தல் நேரம் இரு மடங்கானது. 18 மாதங்களில் மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறினர்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஆள் கூடினால் மட்டும் கற்றல் கூடுவதில்லை. குழந்தைக்குக் கிடைக்கும் கற்பித்தல் கூடினால்தான் கற்றல் கூடுகிறது.

பள்ளி அளவில் செய்யக்கூடியவை

1. ஒன்று முதல் மூன்று வகுப்புகளை ஒரு குழுவாகவும், நான்கு, ஐந்தாம் வகுப்புகளை மற்றொரு குழுவாகவும் அமைத்தால், நாள் முழுவதும் ஒவ்வொரு குழுவோடும் ஓர் ஆசிரியர் இருப்பார். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகள் இத்தகைய குழுக் கற்பித்தலுக்குக் கைகொடுக்கும்.

2. தமிழ், கணக்குப் பாடவேளைகளில் பதிவேட்டுப் பணிகளைத் தவிர்க்கலாம்.

3. தவிர்க்கக்கூடிய விடுப்பு, அலுவலகப் பயணம் ஆகியவற்றை இரு ஆசிரியர்களும் கலந்து பேசித் திட்டமிடலாம். ஒருவரே இருக்கும் நாளுக்கான செயல்பாடுகளை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்த்த கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது சட்டத்தின் 27-ஆம் பிரிவு. அது குழந்தைகளின் நேரத்துக்கான பாதுகாப்பு.

இவை எதுவும் காலிப் பணியிடத்தை நிரப்புவதற்கு ஈடாகாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் ஆசிரியர் தேவை குறித்துத் தீர்மானம் எழுதும்போது, விகிதத்தோடு நிறுத்த வேண்டாம். எத்தனை வகுப்புகள், ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் எத்தனை மணி நேரம் நேரடிக் கற்பித்தல் கிடைக்கிறது என்பதையும் எழுதுங்கள். 20:1 என்ற எண் மறைப்பதை அந்தக் கணக்கு காட்டிவிடும்.