முழங்கால் வலியும் இடுப்பு மூட்டும்

ஆனேக்கல் வட்டத்தில் அத்திப்பள்ளி, சந்தாபுரம், ஜிகணி முதலிய ஊர்களுக்குத் தொழில் நாடி வந்த நம் குடும்பங்கள் பலவற்றில், தாயும் தந்தையும் விடியற்காலையிலேயே வேலைக்குப் புறப்பட வேண்டியுள்ளது. மாலையில் பிள்ளை சற்றே நொண்டி நடப்பதைக் கண்டால், விளையாட்டில் விழுந்திருப்பான் என்று எண்ணி, எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு வழித்து விடுகிறோம். இரண்டொரு நாளில் தீர்ந்தால் நன்று. தீராவிடில் நாம் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு.

இடுப்பு மூட்டில் உண்டாகும் நோய், பல சமயங்களில் முழங்கால் வலியாகவே தோன்றும். இவ்விரு மூட்டுகளுக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதே காரணம். குழந்தை முழங்காலைத் தொட்டுக் காட்டும். கோளாறோ இடுப்பில் மறைந்திருக்கும்.

இவற்றுள் ஒன்று பெர்த்தஸ் நோய். அமெரிக்காவில் லெக், பிரான்சில் கால்வே, ஜெர்மனியில் பெர்த்தஸ் ஆகிய மூவரும் 1910-இல் இதனைத் தனித்தனியே விளக்கினர். தொடையெலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குன்றி, எலும்பு நலிந்து தட்டையாகிறது. பெரும்பாலும் 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளை, அதிலும் சிறுவரையே இது மிகுதியாகப் பற்றும். நம் மாநிலத்தின் உடுப்பிப் பகுதியில் இந்நோய் மிகுதி என்பதை மணிபால் மருத்துவர் பெஞ்சமின் ஜோசப் முதலியோர் ஆராய்ந்து கூறியுள்ளனர். எலும்பு மீண்டும் வளரச் சில ஆண்டுகள் ஆகும். அதுகாறும் எலும்பின் தலை மூட்டுக் கிண்ணத்தினுள் உருண்டை வடிவம் கெடாமல் இருக்கும்படி காப்பதே சிகிச்சை. காலம் தாழ்த்தினால் உருக்குலைவு நிலைத்துவிடும்.

பத்து வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு, குறிப்பாக உடல் பருத்தவர்களுக்கு, தொடையெலும்பின் தலை வளர்ச்சித்தட்டில் நழுவுவதுண்டு. ஐயம் எழுந்தால் அப்பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லவேண்டும். அறுவை சிகிச்சையால் எலும்பைப் பொருத்துவர். காய்ச்சலுடன் காலை ஊன்ற மறுக்கும் குழந்தைக்கோ மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே மருத்துவமனை சேரவேண்டும்.

சளி, காய்ச்சலுக்குப்பின் வரும் மூட்டு வீக்கம் ஓரிரு வாரத்தில் தானே தணிவதும் உண்டு. ஆயினும் அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவரே. ஆனேக்கல் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். பெங்களூர் ஜயநகரில் சஞ்சய் காந்தி எலும்பு மருத்துவ நிலையம் உளது. முழங்கால் வலியென்று சொன்னாலும், இடுப்பையும் பார்த்து எக்ஸ்ரே எடுக்கும்படி தயங்காமல் கேட்போமாக.

ஒருநாள் கூலி போனால் மறுநாள் ஈட்டலாம். பிள்ளையின் நடை கெட்டால் மீட்பது அரிது.