ஏரியும் ஏட்டு விஞ்ஞானமும்

உத்திரமேரூர் என்றதும் நேயர்களின் நினைவுக்கு வருவது குடவோலை. வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட சாசனங்களைப் பற்றி ஒரு வரியேனும் படிக்காத பள்ளிப் பிள்ளை இன்று தமிழ்நாட்டில் அரிது. முப்பது குடும்புகள், குடத்திலிட்ட ஓலைகள், அவற்றுள் ஒன்றை எடுத்துத் தரும் அறியாப் பாலகன், கணக்குக் காட்டாதவனுக்குச் சபையில் இடமில்லை என்ற கண்டிப்பு ஆகிய யாவும் சமூக அறிவியல் பாடத்தில் ஒரு வினாவாகி, மார்க்காகி, மறந்தும் போய்விடுகின்றன. ஆனால் அதே சாசனங்கள் விஞ்ஞான பாடத்துக்கும் உரியவை என்று நாம் சொன்னால் சிலர் வியக்கக்கூடும். ஓலை எடுத்துத் தேர்ந்தவர்களிடம் ஊரார் ஒப்புவித்த காரியம் என்ன? ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம். நீரையும் நிலத்தையும் உலோகத்தையும் அறிந்து நடத்தும் காரியம் அல்லவா அது!

பொன்னின் மாற்றைச் சோதிப்பவர்களுக்கென்று இவ்வூரில் தனியே ஓர் ஏற்பாடு இருந்தது. உரைகல்லில் ஒட்டிக்கொண்ட பொற்றுகளை மெழுகினால் ஒற்றி எடுத்து, அந்த மெழுகை வாரியத்தாரிடம் ஒப்புவிக்க வேண்டும் என்பது விதி. உரைக்கும்போது பொன் தேய்கிறது, தேய்ந்த பொன் மாயமாகப் போய்விடுவதில்லை, கல்லில் இருக்கிறது, கல்லிலிருந்து மெழுகுக்கு வருகிறது, ஆகவே அதற்கும் கணக்குண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொருண்மை அழியா விதியைச் சொல்ல இதைவிட நல்ல தொடக்கம் நமக்குத் தெரியவில்லை. லவாய்சியருக்கு முன்பே எங்கள் ஊரார் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படி மார்தட்டுவது விஞ்ஞானத்துக்கே விரோதம். லவாய்சியர் தராசை வைத்து நிறுத்து, மூடிய பாத்திரத்தில் எரித்து, மறுபடியும் நிறுத்து நிரூபித்தார். ஊரார் செய்தது நேர்மையான கணக்கு. கணக்குக்கும் நிரூபணத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்குவதும் ஒரு விஞ்ஞான பாடந்தான்.

இவ்வூர்ப் பேரேரி, பல்லவர் காலத்துக் கல்வெட்டுக்களிலேயே வைரமேக தடாகம் என்று பெயர் பெற்றது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஏரி இருக்கிறது. அதைச் சுற்றிலும் இன்று பாடசாலைகள் இருக்கின்றன. கரைமேல் நடந்துதான் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். ஆயினும் வகுப்பு ஏற ஏற, ஏரி பிள்ளையைவிட்டு விலகிக்கொண்டே போகிறது. நம்மை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது இந்த விலகல்தான்.

முதல் இரண்டு வகுப்புகளில் சூழ்நிலையியல் என்ற பெயரில் பிள்ளை தன்னைச் சுற்றியுள்ளவற்றைக் காண்கிறது. இலை கொண்டுவருகிறது, நத்தை ஓடு கொண்டுவருகிறது, உபாத்தியாயினி வேண்டாமென்றாலும் தவளையையும் கொண்டுவந்துவிடுகிறது. மூன்றாம் வகுப்பில் அறிவியல் என்ற பெயர் தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்பு வரையில் கேள்வி பிள்ளையுடையது; பதில் தெரியாமல் விழிப்பவர் உபாத்தியாயர். ஆறாம் வகுப்பில் அளவீடுகள் வருகின்றன. இங்கேதான் முதல் பிரிவு நேர்கிறது. அளவுகோலும் தராசும் அளவுச் சாடியும் பல பாடசாலைகளில் பீரோவுக்குள் பூட்டிய வண்ணம் இருக்கும். உடைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சம் பூட்டைக் காவல் காக்கும். எட்டாம் வகுப்பில் விசையும் அழுத்தமும், ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள். இவையெல்லாம் நீரைப் பற்றிய பாடங்களே. ஆனால் பிள்ளை பார்ப்பது கரும்பலகையில் வரைந்த ஒரு பாத்திரத்தை. பத்தாம் வகுப்பில் பொதுப் பரீட்சை வந்து நிற்கிறது. அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பு, மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து வட்டமிடும் சாமர்த்தியம். கேள்வி இப்போது முற்றிலும் பிறருடையது.

ஏரி விலகாமலே இருந்தால் எப்படி இருக்கும்? சற்று யோசிப்போம். மைக்கேல் ஃபாரடே லண்டனில் 1860-ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கு நிகழ்த்திய உபந்நியாசங்கள் பிரசித்தமானவை. அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஒரு மெழுகுவத்தி. அந்த ஒரு சுடரைக்கொண்டே ரசாயன சாஸ்திரத்தின் பெரும் பகுதியைச் சொல்லி முடித்தார். அவருக்கு மெழுகுவத்தி எப்படியோ, நமக்கு ஏரி அப்படி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை கரையில் எந்தக் கொக்கு எங்கே நிற்கிறதென்று பார்க்கட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு கம்பில் கோடுகள் இட்டு நட்டுவைத்து, ஐப்பசி மழையில் நீர் எத்தனை விரல் ஏறியது, மாசியில் எத்தனை விரல் இறங்கியது என்று குறிக்கட்டும். இறங்கிய நீரெல்லாம் மதகு வழியாகவா போயிற்று? வாயகன்ற பாத்திரம் ஒன்றில் நீர் நிரப்பி வெயிலில் வைத்து அளந்து பார்த்தால், சூரியன் குடித்த பங்கு ஒருவாறு தெரிந்துவிடும்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்பு வந்ததும் கரையையே கேள்வி கேட்கலாம். கரை ஏன் மேலே ஒடுங்கியும் கீழே அகன்றும் இருக்கிறது? மண் சரியாமலிருப்பதற்கு என்று ஒரு பையன் சொல்வான், அது சரிதான். ஆனால் அது பாதி விடை. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள இடத்தின் மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அதன் எடை ஆயிரம் கிலோ. மூன்று மீட்டர் நின்றால் மூவாயிரம். அந்த ஆழத்தில் நீர் கீழ்நோக்கி மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் அதே அழுத்தத்துடன் தள்ளுகிறது. கரையின் அடி அகலத்துக்கு இந்தத் தள்ளுதலும் காரணம்.

நம் பக்கத்துப் பழைய ஏரிகளில் குமிழித் தூம்பு என்று ஓர் அமைப்பு உண்டு. ஏரிக்குள் இரண்டு கல் தூண்கள். அவற்றின் அடியில் கற்பலகை. பலகையில் ஒரு துவாரம். துவாரத்தை அடைக்கும் ஒரு குமிழ். குமிழைத் தூக்க மேலே நீண்ட கழி. துவாரம் ஏன் அவ்வளவு சிறியது என்று ஒருமுறை வகுப்பில் கேட்டோம். நீர் வீணாகாமலிருக்க என்றார்கள் பலர். நீர்க்கட்டி வீட்டுப் பையன் ஒருவன் மட்டும், "பெரிசா இருந்தா ஆளால தூக்க முடியாதுங்க ஐயா" என்றான். அவன் சொன்னதே பௌதிகம். துவாரத்தின் விட்டம் 20 சென்டிமீட்டர், மேலே நீர் மூன்று மீட்டர், அடியிலுள்ள கால்வாய் வெறுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். குமிழை அழுத்தும் பாரம் ஏறத்தாழ 94 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடலாம். விட்டத்தை இரட்டித்து 40 சென்டிமீட்டர் ஆக்கினால் பாரம் இரட்டிப்பதில்லை. நாலு மடங்காகி 377 கிலோவை எட்டுகிறது. அழுத்தம் வேறு, விசை வேறு என்ற பாடத்தைப் பையன்கள் அன்று கற்றது போல் கரும்பலகையில் கற்றதில்லை.

இங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள வேடந்தாங்கலையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரம் என்பதை அவ்வூர்க் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டுப் பறவைகளைச் சுடாதபடி காப்புப் பெற்றார்கள். நைட்ரஜன் சுழற்சி என்ற பாடத்துக்குப் புத்தகத்தில் அம்புக்குறிகள் போட்ட படம் இருக்கிறது. அம்புக்குறிகளில் ஒன்று நத்தைகொத்தி நாரையாகப் பறந்து வயலுக்கு மேலே போவதைப் பிள்ளை ஒருநாள் பார்க்க வேண்டாமா?

இனி, மொழி. விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் கற்பித்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம் முன்னோர் பாடுபட்டார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1860-களில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். சேலத்தில் 1916-இல் ராஜாஜியும் நண்பர்களும் சாஸ்திரச் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் நிறுவினார்கள். ராஜாஜியின் ‘திண்ணை ரசாயனம்’ திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் ரசாயனம் சொல்ல முயன்ற நூல். பெ. நா. அப்புஸ்வாமி தம் நீண்ட ஆயுள் முழுவதையும் இத்தொண்டுக்கே கொடுத்தார். சொற்கள் வடமொழிப் பக்கம் சாய்வதா, தனித்தமிழாவதா என்று 1940-களில் நடந்த சண்டைகள் காரசாரமானவை. அந்த உழைப்பின் பயனாகத்தான் இன்று முடுக்கம், அடர்த்தி, ஒளிச்சேர்க்கை என்று கிராமத்துப் பிள்ளை தயங்காமல் உச்சரிக்கிறது.

ஆனால் தமிழ்ச் சொல்லையும் நெட்டுரு போடலாம். அது மட்டுமா? தெரிந்த சொல்லாக இருப்பதனாலேயே அது உபாத்தியாயரை ஏமாற்றிவிடும். ‘வேலை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தலையில் குடத்தைச் சுமந்துகொண்டு சமதரையில் நடப்பவள், குடத்தின் எடைக்கு எதிராக வேலை ஏதும் செய்யவில்லை என்கிறது பௌதிகம். எடை கீழ்நோக்கி, நடை பக்கவாட்டில். இதைச் சொன்னதும் ஒரு பெண் எழுந்து, "அப்போ எங்கம்மாவுக்கு ஏன் ஐயா கழுத்து வலிக்குது?" என்று கேட்டாள். உட்கார் என்று சொல்லிவிட்டால் அன்றோடு அவளுக்கு விஞ்ஞானம் முடிந்தது. அவள் கேள்வியின் விடையோ மிக ருசிகரமானது. குடத்தை ஏந்தி நிற்கும் தசை நார்கள் ஓயாமல் சுருங்கியும் தளர்ந்தும் சக்தியைச் செலவிடுகின்றன. குடத்துக்கு அந்தச் சக்தி போய்ச் சேர்வதில்லை, உடம்பின் வெப்பமாகவே போய்விடுகிறது. பௌதிகமும் உடலியலும் கைகோக்கும் இடம் இது. இந்த இடம் எந்த வகுப்புப் பாடத்திட்டத்திலும் இல்லை. அந்தப் பெண்ணின் கேள்வியில் இருக்கிறது.

செய்முறைப் பரீட்சையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துக்கு 75 மார்க், செய்முறைக்கு 25. ஏற்பாடு நல்லது. நடப்பு என்னவென்றால், குவிலென்சின் குவியத் தூரம் இத்தனை என்று விடையை முதலில் கேட்டறிந்துகொண்டு, அட்டவணையைப் பின்னாலிருந்து முன்னாக நிரப்புகிறவர்கள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு உப்புப் பகுப்பாய்விலோ, நீலமென்றால் தாமிரம் என்று கண்ணாலேயே முடித்துவிட்டுப் பத்துச் சோதனைகள் செய்ததாக எழுதும் மேதைகளும் உண்டு. அளந்ததில் பிழை வந்தது என்று எழுதினால் மார்க் குறையும் என்று பிள்ளைக்குத் தெரியும். பிழையை மறைப்பதற்கு மார்க் கொடுத்துப் பழக்குகிறோம்!

வேறு வழியே இல்லை என்று சொல்பவர்களுக்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கதையைச் சொல்லத் தோன்றுகிறது. அங்கே 1972-இல், கிஷோர் பாரதி, ரசூலியாவிலுள்ள நண்பர்கள் கிராம மையம் என்ற இரு ஸ்தாபனங்கள், பதினாறு நடுநிலைப் பாடசாலைகளில் ஒரு பரீட்சார்த்தம் தொடங்கின. பிள்ளைகள் நாலைந்து பேராகக் குழு சேர்ந்து, எளிய சாமான்களைக்கொண்டு தாங்களே சோதனை செய்து, தாங்களே விடை எழுத வேண்டும். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஏனெனில் கேட்கப்படும் விடை புத்தகத்தில் இராது. விடுமுறையில் உபாத்தியாயர்கள் கூடி அதே சோதனைகளைத் தாங்களும் செய்தார்கள். 1982-இல் ஏகலவ்யா என்ற ஸ்தாபனம் அதை ஏற்றுக்கொண்டது. நாளடைவில் ஏறத்தாழ ஆயிரம் பாடசாலைகளுக்குப் பரவியது. முப்பது ஆண்டு நடந்த அதை 2002-இல் மாநில அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஆனால் முப்பது வருஷம் கிராமத்துப் பாடசாலைகளில் ஒரு காரியம் நடந்திருக்குமானால், அது நடக்கக்கூடியது என்பதில் சந்தேகமில்லை.

நம் மாநிலத்திலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980 முதல் பாடுபட்டு வருகிறது. அதன் ‘துளிர்’ 1987-இல் பிறந்த சிறுவர் விஞ்ஞானப் பத்திரிகை. 2022 நவம்பரில் தமிழக அரசாங்கம் வானவில் மன்றம் என்ற திட்டத்தைத் தொடங்கி, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குச் சோதனைச் சாமான்களுடன் ஆட்களைப் பாடசாலைகளுக்கு அனுப்பியது. வந்தவர் சோதனை காட்டிய நாளில் வகுப்பறையின் முகமே வேறு. அவர் பையைக் கட்டிக்கொண்டு போனபின் மறுநாள் என்ன செய்வது என்பதுதான் உள்ளூர் உபாத்தியாயரின் பாடு. தாவர சாஸ்திரம் படித்துப் பட்டம் பெற்றவர் மின்சாரமும் கற்பிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் நேயர்கள் மறந்துவிடலாகாது.

பாடசாலை மாறும் வரையில் வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை. அக்கினி நட்சத்திரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்பதாக நம் வீடுகளில் பேச்சு உண்டு. இதைச் சோதிக்க ஒரு குச்சி போதும். மாடியிலோ முற்றத்திலோ செங்குத்தாக நட்டு, நண்பகலை ஒட்டிச் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறிக்கச் சொல்லுங்கள். உத்திரமேரூரில் நிழல் முற்றிலும் மறைவது வருஷத்தில் இரண்டே தடவை. சித்திரையில் ஏறத்தாழ ஏப்ரல் 23-இலும், ஆவணி பிறந்த சில நாளில், ஆகஸ்டு 19-ஐ ஒட்டியும். கத்திரி வெயிலில் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போயிருப்பதால், நண்பகல் நிழல் தெற்கே விழும். சிறு பிள்ளைக்கு அது வேடிக்கை. ஒன்பதாம் வகுப்புப் பெண் குச்சியின் உயரத்தையும் நிழலின் நீளத்தையும் கொண்டு கோணம் காணட்டும். பதினோராம் வகுப்புப் பையன் அதிலிருந்து ஊரின் அட்சரேகையைக் கணக்கிடட்டும். 12 பாகையும் அரையும் சொச்சமும் வரவேண்டும். பதின்மூன்று வந்தால் அழிக்கச் சொல்லாதீர்கள். குச்சி சாய்ந்திருந்ததா, தரை சரிந்திருந்ததா என்று அவனே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.