நீளக் கையும் நாகரிக உடையும்

சென்ற வருஷம் பீஜிங்கில் 'பீக்கிங் ஆப்பரா' பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. பாட்டு எனக்குப் புரியவில்லை. ஆனால் கண் மட்டும் நாயகியின் கையை விட்டு அகலவேயில்லை! அங்கியின் கை முடிகிற இடத்தில் ஏறக்குறைய ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய வெள்ளைப் பட்டு தொங்குகிறது. 'நீர்க் கை' என்று அதற்குப் பெயர். அழுகையா, அதைக் கண்ணருகே கொண்டுபோகிறாள். கோபமா, சுண்டி எறிகிறாள். விரல் தெரிவதேயில்லை, மனசு தெரிகிறது.

தைக்கத் தெரிந்தவளால் சும்மா இருக்க முடியுமா? ஊர் திரும்பியதும் அண்ணன் பெண்ணுக்கு அதே மாதிரி கை வைத்து ஒரு குர்தா தைத்தேன். போட்டுக்கொண்ட முதல் நாளே கை ரசத்துக்குள் போயிற்று. "அத்தை, இது உடுப்பா, கரித்துணியா?" என்றாள். கேட்பாள்தானே!

எங்கே தப்புப் பண்ணினோம் என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். அந்த வெள்ளைத் துண்டு அங்கியோடு சேர்த்துத் தைத்ததே அல்ல. லேசாக நூலோட்டி வைத்திருப்பது. அழுக்கானால் அதை மட்டும் பிரித்துத் துவைக்கலாம். எம்பிராய்டரி நிறைந்த பட்டு அங்கியைத் தண்ணீரில் போட்டு அலச முடியுமா, சொல்லுங்கள்? அதனால்தான் வியர்வைக்கு உள்ளே ஒரு பருத்திச் சட்டை. சாயமும் வியர்வையும் படாமல் கழுத்துக்கு ஒரு வெள்ளைத் துணி. என்ன சிக்கனமான யோசனை பாருங்களேன்!

வெட்டும் நம்முடையது போல் இல்லை. தோளில் தையல் கிடையாது. உடம்பும் கையும் ஒரே துணியாக, தொளதொளவென்று இறங்கும். ஆகவே ஒருவர் அங்கி இன்னொருவருக்கும் பொருந்தும். இதில் போய் டார்ட் பிடித்தால் மார்பில் இருக்கிற டிராகன் இரண்டாக மடிந்துவிடும். உடம்பைப் பிடிக்காத கோட்டு, ஜாக்கெட் வகைகளுக்குத்தான் இந்த வேலைப்பாடு ஏற்றது என்பது என் அபிப்பிராயம்.

கிழிந்ததைப் போட்டாலும் போடு, தப்பானதைப் போடாதே என்பது அந்த நடிகர்களின் சட்டம். மஞ்சள் என்றால் சக்கரவர்த்தி. கறுப்பு அங்கியில் வருகிறவர் நேர்மைக்குப் பேர்போன நீதிபதி பாவ் ஜெங். கஷ்டப்படும் உத்தமிப் பாத்திரத்துக்குப் பெயரே 'சிங்-யீ', அதாவது கருநிற உடைக்காரி! இதெல்லாம் தெரியாமல் சக்கரவர்த்தியின் டிராகனைக் கைப்பையில் ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

அதற்காக மாற்றவே கூடாது என்பதில்லை. மேய் லான்ஃபாங் என்ற நடிகர் பெண் வேஷத்தில் புகழ் பெற்றவர். அதுவரை பெண் வேஷத்தின் மேலங்கி பாவாடையை மூடிக்கொண்டு நீளமாகத் தொங்கும். 1915-ல் நிலவுக்குப் பறந்து போகும் தேவதை சாங்-அ கதையை நடித்தபோது, பழைய ஓவியங்களைப் பார்த்து அவர் மேலாடையைக் குட்டையாக்கினார். பாவாடையை அதன் மேல் கட்டினார். இடுப்பு தெரிந்தது, அவ்வளவுதான், உருவமே மாறிவிட்டது! பின்னாளில் ஜான் காலியானோ 2003-ல் டியோர் நிறுவனத்துக்காகச் செய்த உடைகளுக்கு இந்த மேய்தான் தூண்டுகோல். 2015-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் நடத்திய சீன உடைக் கண்காட்சியிலும் மேய்க்கு இடம் இருந்தது.

நானும் இன்னொரு குர்தா தைத்தேன். நேர் வெட்டு, ஒரே நிறத்தில் கைத்தறிப் பருத்தி. டிராகனும் இல்லை, பூவும் இல்லை. கையில் நான்கு அங்குலத்துக்கு வெள்ளை மல், கழுத்தில் ஒரு வெள்ளைப் பட்டி, இரண்டும் நூலோட்டியதுதான். காலேஜுக்கு அதைத்தான் அடிக்கடி போட்டுக்கொண்டு போகிறாள். வாராவாரம் பிரித்துத் துவைத்து மறுபடி ஓட்டித் தருகிற வேலை மட்டும் அத்தை தலையில்!