மானிப்பாயிலிருந்து விடைபெற்ற வைத்தியர்

அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். 1857இல் ஊர் திரும்பியவர் 1862இல் மனைவியோடு மறுபடி வந்தார். 1873இல் உடல்நலம் குன்றி, தாம் பணிசெய்த யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து புறப்பட்டதே கடைசிப் பிரிவு.

வைத்தியர் கப்பலேறினால் வைத்தியமும் கூடவே போய்விடக்கூடாது என்பதில் அவர் குறியாக இருந்தார். உள்ளூர் இளைஞர் அறுபது பேருக்குமேல் மேலைநாட்டு மருத்துவம் கற்பித்தார். 1860களில் பாடத்தையே தமிழில் நடத்தத் தொடங்கினார். தமிழில் நூல் ஏது? மாணவர்களோடு சேர்ந்து மொழிபெயர்த்தார். அறுவை மருத்துவ நூலான ‘இரண வைத்தியம்’ 1867இலும் உடற்கூற்று நூலான ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் அச்சேறின. உடை விஷயத்திலும் அப்படித்தான்: கிறிஸ்தவரான தமிழர் கோட்டும் காற்சட்டையும் மாட்டிக்கொள்வது அவருக்குப் பிடிக்கவில்லை.

தம் கல்லறையில் ‘தமிழருக்கான மருத்துவ ஊழியர்’ என்று பொறிக்கக் கேட்டவர், பிரிந்துபோன பின்னும் சும்மா இருக்கவில்லை. மாசச்சூசெட்சின் ஊஸ்டரில் இருந்தபடியே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். வேதியியல் நூலான ‘கெமிஸ்தம்’ 1875இல் வந்தது. மானிப்பாய் மாணவர்களின் உழைப்பும் சேர்ந்த உடலியங்கியல் நூல் ‘மனுஷ சுகரணம்’ வந்தது 1883இல். கிறீன் காலமானது அடுத்த ஆண்டு.