பதக்கமும் சொந்த ஊரும்

கொல்கத்தாவில் வாழும் தமிழராகிய நம்மை யாரேனும், "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று வினவினால், விடை கூறச் சற்றே தயங்குகிறோம். முன்னோர் வாழ்ந்த ஊரைச் சொல்வதா, பிழைக்க வந்த ஊரைச் சொல்வதா? ஒலிம்பிக் பந்தயங்களில் நம் நாடு பங்குகொண்ட வரலாறும் இத்தகைய ஐயத்துடன்தான் தொடங்குகிறது. அதுவும் இந்நகரத்தைச் சார்ந்தே தொடங்குகிறது.

1900-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் நடைபெற்ற பந்தயங்களில், நார்மன் பிரிட்சார்டு என்பவர் 200 மீட்டர் ஓட்டத்திலும், 200 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்திலும் இரண்டாமிடம் பெற்றார். அவர் கல்கத்தாவில் பிறந்து, இங்குள்ள செயின்ட் சேவியர் கல்லூரியில் பயின்றவர். எனினும் ஆங்கிலேயர் குடும்பத்தவர். பிற்காலத்தில் அமெரிக்கா சென்று, நார்மன் டிரெவர் என்னும் பெயருடன் நடிகராக விளங்கி, 1929-இல் மறைந்தார். அவர் வென்ற வெள்ளிப் பதக்கங்கள் இரண்டையும் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்தியாவின் கணக்கில் வைத்துள்ளது. அவை பிரிட்டனுக்கே உரியவை என வாதிடும் வரலாற்றாசிரியரும் உளர்.

1928 முதல் மூன்று ஒலிம்பிக்குகளில் ஹாக்கித் தங்கத்தை நம்மவர் வென்றபோது, நாடு அந்நிய ஆட்சியில் இருந்தது. விடுதலை பெற்று ஓராண்டு நிறையுமுன், 1948 ஆகஸ்டில், லண்டனிலேயே பிரிட்டனை 4-0 என்ற கணக்கில் வென்றோம். அவ்வணியில் இடம்பெற்ற லெஸ்லி கிளாடியஸ் பிலாஸ்பூரில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். கரக்பூரில் கால்பந்து ஆடிவந்த அவர், தற்செயலாகவே ஹாக்கி மட்டையைக் கையில் எடுத்தார். 1948, 1952, 1956 ஆகிய ஆண்டுகளில் தங்கமும், 1960-இல் ரோம் நகரில் அணித்தலைவராக வெள்ளியும் பெற்றார். அவருடைய சமூகத்தவர் பலர் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் குடியேறியபோதும், அவர் கொல்கத்தாவிலேயே வாழ்ந்து, 2012-இல் இங்கேயே காலமானார்.

நம் நெஞ்சுக்கு இன்னும் நெருக்கமானவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த இவர், 1956-இல் மெல்போர்னில் நான்காமிடம் பெற்ற கால்பந்து அணியில் இருந்தார். 1960-இல் ரோமில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் அடித்தார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற அணியிலும் ஆடினார். ஈஸ்ட் பெங்கால் கழகத்திற்காக ஆட வந்த அவரை வங்க மக்கள் தம்முள் ஒருவராகவே போற்றினர். ஹூக்ளி நதிக்கரையிலுள்ள உத்தர்பாராவில் குடியிருந்து, 2023-இல் மறைந்தார்.

பிரிட்சார்டு இங்கே பிறந்து, அயல்நாட்டிற்குச் சென்றார். மற்ற இருவரும் வெளியூரில் பிறந்து, இம்மண்ணில் நிலைத்தனர். பதக்கம் எந்த நாட்டுக் கணக்கில் சேரும் என்பதை ஏடுகள் கூறும். ஊர் எது என்பதையோ, ஒருவர் எங்கே உழைத்தார், யாருடன் வாழ்ந்தார் என்பவையே கூறும். பலராமுக்குத் தமிழ் தாய்மொழி; வங்கம் வாழ்ந்த மண்; அணிந்த சட்டையோ இந்தியாவினுடையது. இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. அடுத்த முறை ஒருவர் நம் ஊரைக் கேட்கும்போது, தயக்கமின்றி இரண்டு ஊர்களையும் சொல்வோமாக.